'ரன்' என்ற சொல்லை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வணக்கம். பத்து வயது மகளுக்கு வீட்டில் நான்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'ரன்' என்றால் ஓடு என்று நோட்டில் எழுதிவைத்திருந்தாள். நேற்று பாடத்தில் 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்று வந்தது. "மூக்கு எங்கேம்மா ஓடுது?" என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். ஒழுகுகிறது என்றேன். அடுத்த பக்கத்திலேயே ஒருவர் நிறுவனத்தை 'ரன்' பண்ணுகிறார். அங்கே அது நடத்துகிறார். தேர்தல் என்று வந்தால் அமெரிக்கர்கள் 'ரன்' பண்ணுகிறார்கள், நாம் நிற்கிறோம்!

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான விளக்கம் 'செட்' என்ற சொல்லுக்குத்தான். அப்புறம் நடந்த திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே 600-க்கும் மேற்பட்ட பொருள்கள். அதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் 'ஓடு' மட்டும் லேசுப்பட்டதா? ஆறு, கடிகாரம், படம், வண்டி எல்லாம் ஓடுகின்றன. அங்கிருந்தே தொடங்கலாமா? நகர்வது, வழிவது, இயக்குவது என்று மூன்று நான்கு குடும்பங்களாகப் பிரித்தால் பிள்ளைக்குப் பிடிபடுமா, இல்லை வாக்கியம் வாக்கியமாகவே போகட்டுமா? 'ரன் அவுட் ஆஃப்', 'ரன் இன்டு' மாதிரியானவற்றை எப்போது தொடலாம்? சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதுங்கள்.