இலவச நாளில் பழைய மாளிகை பார்க்கப் போகலாமா?

தூரதேசி:
செப்டம்பர் வந்தால் இங்கிலாந்தில் ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ். பழைய வீடுகளை இலவசமாகப் பார்க்கலாம் என்று நம் ஆட்கள் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், உள்ளே நுழைந்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். சாதாரண வாரநாளில் காசு கொடுத்துப் போனால் ஒவ்வொரு அறையிலும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அந்தக் காசு கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளவும் உதவும்.

மாடிப்படி:
காசு கொடுத்தாலும் திறக்காத வீடுகளை என்ன செய்வது? 1984-ல் பிரான்ஸ் இதை ஆரம்பித்தது, மறு ஆண்டே ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான கவுன்சில் ஆஃப் யூரோப் மற்ற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது, இங்கிலாந்தில் 1994 முதல் நடக்கிறது. கட்டணம் வாங்கும் இடங்கள் அன்று வாங்குவதில்லை, சரி. ஆனால் வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் இடங்களும் திறக்கின்றனவே! அலுவலகமாக மாறிவிட்ட ஜார்ஜ் மன்னர் காலத்து வீட்டின் படிக்கட்டையும் கூரைச் சுதை வேலையையும் வேறு என்றைக்குப் பார்ப்பீர்கள்? நீங்கள் பெரிய மாளிகைகளை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறீர்கள்.

தூரதேசி:
பூட்டிய வீடுகளுக்கும் வழி இருக்கிறது. கலை, வரலாற்றுச் சிறப்புள்ள சில தனியார் வீடுகளுக்கு வாரிசுரிமை வரியைத் தள்ளி வைக்கிறார்கள். அதற்குப் பதிலாக உரிமையாளர் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும். பட்டியல் அரசு இணையதளத்தில் இருக்கிறது. கேட்டு, நாள் குறித்துக்கொண்டு போகலாம். திருவிழாக் கூட்டம் எதற்கு?

மாடிப்படி:
அண்ணே, சட்டப்படி சரி. ஆனால் ஒரு சீமானின் வீட்டுக்கு போன் போட்டு "உங்கள் வரவேற்பறையைப் பார்க்க வரலாமா" என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்? திறந்த நாளில் அந்தக் கூச்சமே இல்லை. சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும், அவ்வளவுதான்.

கடற்கரைக்காரி:
கூச்சம் எதற்கு? சில வீடுகள் நம் ஊர்ப் பணத்தில் வந்தவை. மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட் இந்தியாவில் வாங்கிய பெரிய வைரத்தை 1717-ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். கார்ன்வாலில் உள்ள பொகனாக் மாளிகையை வாங்கியது அந்தப் பணத்தில்தான். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனமான நேஷனல் டிரஸ்டே 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு, காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்புள்ள தன் இடங்கள் 93 என்றது. டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்று நம்மிடமே சொல்வது கொஞ்சம் அதிகம்.

தூரதேசி:
நியாயமான கோபம்தான். ஆனால் இந்தக் கதையை அன்று யார் சொல்வார்கள்? வழிகாட்டும் தன்னார்வலர் அடுத்த குழுவை உள்ளே விடும் அவசரத்தில் இருப்பார். பாதி அறைகளில் திரையை வேறு இழுத்து மூடி வைத்திருப்பார்கள். இருட்டில் என்ன வரலாறு?

மாடிப்படி:
திரை மூடுவதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் பட்டுத்துணியையும் நீர்வண்ண ஓவியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைக்கும், வெளுத்த நிறம் திரும்பாது. அதனால் அத்தகைய பொருள்கள் இருக்கும் இடத்தில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் வைப்பார்கள். கண் பழகச் சில நிமிடம் நில்லுங்கள், தெரியும்.

தூரதேசி:
அந்தச் சில நிமிடம் நிற்க விடமாட்டார்கள் என்பதுதானே முதலிலிருந்து என் வாதம்!

கடற்கரைக்காரி:
கடைசிக் குழுவோடு போங்கள் அண்ணா. பின்னால் தள்ள ஆள் இருக்காது, தன்னார்வலருக்கும் பேச நேரம் கிடைக்கும். "இந்த வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது" என்று நேராகக் கேளுங்கள்.

தூரதேசி:
கேட்கிறேன். ஆனால் பொகனாக் மாதிரி இடத்துக்குக் காசு கொடுத்துத்தான் போவேன், அதில் மாற்றமில்லை.