அலாஸ்காவின் டிரான்ஸ்மிட்டரால் டர்பனில் மழை பெய்யுமா? வானத்தை ஆராய இத்தனை மெகாவாட் எதற்கு?

கேள்வி: டோங்காட் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகேயுள்ள டோங்காட்டில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்பணியாளராக உழைத்து ஓய்வு பெற்றவன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்தது. அதன் பிறகு பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்து வாளிகளோடு தெருமுனையில் நின்றோம். இன்றைக்கும் இரவில் மழை வலுத்தால் என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. அலாஸ்காவில் உள்ள 'ஹார்ப்' என்னும் நிலையம் ரேடியோ அலைகளை மேலே செலுத்தி அந்த வெள்ளத்தை உண்டாக்கியது என்று அதில் அடித்துச் சொல்கிறார்கள். என் தங்கை மகன் அதை முழுமையாக நம்புகிறான். அந்த நிலையத்தின் திறன் 3.6 மெகாவாட் என்று படித்தேன். வோல்ட்டும் ஆம்பியரும் என் பிழைப்பாக இருந்தவை, 3.6 மெகாவாட் என்பது எனக்குச் சிறிய எண் அல்ல. ஆகவே அவனிடம் வெறுமனே 'பொய்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்னேற்றம் பெற்ற மேல் காற்றடுக்கான அயனிமண்டலத்தையும் கோள்களையும் ஆராய இவ்வளவு சக்தி ஏன் தேவைப்படுகிறது? அது மழையைத் தொட முடியுமா? நம் நாட்டில் இப்படிப்பட்ட நிலையங்கள் உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மக்காண்டா ஆய்வு மாணவி

ஐயா, வணக்கம். உங்கள் வீட்டுக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். அயனிமண்டலம் என் ஆய்வுத் துறை என்பதால் இதற்கு முழுமையாகவே பதில் எழுதுகிறேன்.

அந்த நிலையம் அலாஸ்காவில் ககோனா என்னும் இடத்தில் உள்ளது. 2015 முதல் அதை நடத்துவது அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம். 180 ஆன்டெனாக்கள் சேர்ந்து 2.7 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை மேல்நோக்கி அனுப்புகின்றன. 3.6 மெகாவாட் என்பது புறப்படும் இடத்துக் கணக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேலே அயனிமண்டலத்தைச் சென்றடையும்போது அந்தக் கற்றை விரிந்து பரவி, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.03 வாட் ஆகிவிடுகிறது. அதே சதுர மீட்டரின் மீது சூரியன் 1,360 வாட் பொழிகிறது. அதாவது சூரிய ஒளி அதைவிட நாற்பதாயிரம் மடங்குக்கும் மேல்.

அடுத்தது, மழை உருவாவது தரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். இந்த அதிர்வெண்களில் மேகமும் நீராவியும் அலையை உறிஞ்சுவதில்லை. கண்ணாடிக்குள் வெளிச்சம் போவதுபோல் அலை அந்த அடுக்கைக் கடந்து போய்விடுகிறது. அந்த ஏப்ரலில் உண்மையில் நடந்தது வேறு. மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு தாழ்வழுத்தம் நம் கிழக்குக் கரையோரம் நின்று, இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்றை நிலத்தின் மீது இழுத்துக் கொட்டியது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

நீங்கள் மின்பணியாளர் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில் 300 மில்லிமீட்டர் மழை என்றால் 30 கோடி கிலோ நீர். நீராவி மழைத்துளியாகும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. இரண்டையும் பெருக்கி வருவதை 36 லட்சம் வாட்டால் வகுத்தால், அந்த ஒரு சதுர கிலோமீட்டர் மழையின் ஆற்றலுக்கு ஈடு செய்யவே ககோனா நிலையம் ஆறரை ஆண்டுகள் ஒரு நொடியும் நிற்காமல் ஓட வேண்டியிருக்கும். அன்று நனைந்ததோ பல ஆயிரம் சதுர கிலோமீட்டர்.

ஆனால், ரேடியோ அலை அயனிமண்டலத்தை ஒன்றுமே செய்வதில்லை என்று உங்கள் மருமகனிடம் சொல்லிவிட வேண்டாம், அது உண்மையல்ல. 1933இல் நெதர்லாந்தில் டெலகன் என்னும் ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதன் பின்னணியில் லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சியும் ஒலித்தது. இரண்டும் வெவ்வேறு அதிர்வெண்கள். லக்சம்பர்க்கின் வலிமையான டிரான்ஸ்மிட்டர் தன் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மேலேயுள்ள எலெக்ட்ரான்களைச் சூடாக்க, அவ்வழியே சென்ற சுவிஸ் அலையின் மீது அந்த ஏற்ற இறக்கம் பதிந்துவிட்டது. ககோனாவில் வேண்டுமென்றே செய்வதும் இந்தச் சூடாக்கலைத்தான். டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினால் கீழடுக்கில் நொடிக்கும் குறைவான நேரத்திலும், மேலடுக்கில் சில நிமிடங்களிலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சூடாவது எலெக்ட்ரான்கள். காற்று அவ்வளவு உயரத்தில் இருப்பதே மிகச் சொற்பம்.

நம் நாட்டில் அப்படிச் சூடாக்கும் நிலையம் இல்லை. ஹெர்மானஸ், மக்காண்டா, லூயிஸ்வேல், மடிம்போ ஆகிய இடங்களில் அயனிமண்டலத்தை அளக்கும் அயனோசோண்ட் என்னும் சிறிய கருவிகள் உள்ளன. அவற்றின் திறன் சில நூறு வாட்தான். உங்கள் சமையலறைக் கெண்டி அதைவிட அதிகம் இழுக்கும். குறைந்த அதிர்வெண்ணிலிருந்து படிப்படியாக ஏற்றிக்கொண்டே துடிப்புகளை அனுப்புவோம். ஒவ்வொரு அதிர்வெண்ணும் தனக்கேற்ற எலெக்ட்ரான் அடர்த்தி உள்ள உயரத்தில் திரும்பி வரும். ஓர் எல்லைக்கு மேல் எதுவும் திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடும். அலை திரும்பும் உயரம் திரையில் இடமிருந்து வலமாக மெல்ல உயர்ந்து, கடைசியில் செங்குத்தாக நிமிரும் கோடாகத் தெரியும். விடியற்காலையில் சூரியன் எழ எழ அந்தக் கோடு வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பதில்: பீனிக்ஸ் சிற்றலை நேயர்

அண்ணா, மக்காண்டா தங்கை எழுதியது முற்றிலும் சரி. நான் சொல்ல வருவது ஒன்றுதான். என் தாத்தா மாலையில் மர வானொலிப் பெட்டியை ஜன்னலருகே நகர்த்திவைத்து, கம்பியை மாமரத்துக்கு இழுத்துக் கட்டி, கொழும்பு நிலையத்தைத் தேடுவார். பகலில் வெறும் இரைச்சல்தான் வரும். பொழுது சாய்ந்து சிறிது நேரமானதும் தமிழ்ப் பாட்டு மெல்ல மேலெழும். ஒரு நிமிடம் தெளிவாக இருக்கும், பிறகு அலையில் மிதப்பதுபோல் மங்கித் திரும்பும். பகலில் அலையை விழுங்கும் கீழடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுவதே காரணம் என்று அமெச்சூர் வானொலி உரிமத்துக்குப் படித்தபோது அறிந்தேன். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மேலே பட்டுத் தரைக்குத் திரும்பும் இரண்டோ மூன்றோ தாவலில் அந்தக் குரலை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த அயனிமண்டலம்தான். உலகெங்கும் எத்தனையோ ஒலிபரப்பு நிலையங்கள் பல பத்தாண்டுகளாகப் பெரும் திறனில் இதே அதிர்வெண்களில் அலைகளை மேலே அனுப்பிவருகின்றன. மழை அவற்றின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் பெய்ததில்லை.

கேள்வியாளர் மீண்டும்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அயனிமண்டலம் புரிந்தது. சில நூறு வாட்டிலேயே அதை அளக்க முடியுமானால், கோள்களுக்கும் மற்ற ஆய்வுகளுக்கும் மெகாவாட் எதற்கு என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

பதில்: லெனேசியா இயற்பியல் ஆசிரியர்

ஐயா, உங்களுக்குத் தெரிந்த விளக்கு விதியிலிருந்தே தொடங்கலாம். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். ரேடாரில் அலை போகும்போது ஒரு முறை, எதிரொலியாக வரும்போது ஒரு முறை என இந்த இழப்பு இரண்டு தடவை நேர்கிறது. ஆகவே தூரம் இரட்டிப்பானால் கிடைப்பது பதினாறில் ஒன்று. நிலவிலிருந்து முதல் எதிரொலியை அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவு 1946 ஜனவரி 10 அன்று பெற்றது. அது இரண்டரை நொடியில் திரும்பியது. வெள்ளி மிக அருகே வரும்போதும் நிலவைப்போல் நூறு மடங்குக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. உருவத்தில் அது பெரியது என்பதைக் கழித்துக்கொண்டாலும், அதன் எதிரொலி நிலவினுடையதைவிட ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு மெலிந்தது. திரும்பிவர நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 1961இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் அந்த எதிரொலியைப் பிடித்தபோது, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் அதுவரை இல்லாத துல்லியத்துடன் கிடைத்தது.

புதனின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது 88 நாளில் சூரியனைச் சுற்றுகிறது. தன்னைத்தானே சுற்றவும் அதே 88 நாள்தான், ஒரு பக்கம் எப்போதும் சூரியனையே பார்க்கிறது என்று பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தார்கள். 1965இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து பெட்டன்கில், டைஸ் இருவரும் ஒரே அதிர்வெண்ணில் அலையை அனுப்பினார்கள். சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருவதால் அங்கிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடுகிறது. விலகும் விளிம்பிலிருந்து வருவது சற்றுக் குறைகிறது. கூர்மையாகப் போன அலை அகன்று திரும்புகிறது. எவ்வளவு அகன்றதோ அவ்வளவு வேகம். கணக்குப் போட்டால் 59 நாள் என்று வந்தது. இரண்டு முறை சூரியனைச் சுற்றுவதற்குள் புதன் மூன்று முறை தன்னைச் சுற்றிவிடுகிறது. 1991இல் கோல்ட்ஸ்டோன் அனுப்பிய அலையை நியூ மெக்சிகோவின் ஆன்டெனாக்கள் வாங்கியபோது, சூரியனுக்கு அவ்வளவு அருகிலுள்ள அந்தக் கோளின் துருவத்தில் பனிக்கட்டி இருப்பதற்கான தடயமும் தெரிந்தது.

அரெசிபோ கட்டப்பட்டதே கோள்களுக்காக அல்ல, அயனிமண்டலத்துக்காக. அயனோசோண்டின் அலை எலெக்ட்ரான் அடர்த்தி மிகுந்த உயரம் வரைதான் சொல்லும்; அதற்கு மேலே உள்ளதை அது பார்க்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கார்டன் 1958இல் வேறு வழி சொன்னார். ஊடுருவிப் போகும் உயர் அதிர்வெண்ணில் அனுப்பி, தனித்தனி எலெக்ட்ரான்கள் சிதறடிக்கும் துளியை வாங்கலாம் என்றார். அது எவ்வளவு துளி? ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் பத்துக் கிலோமீட்டர் உயரமும் உள்ள இடத்தில் நிறைந்திருக்கும் எலெக்ட்ரான்கள் அத்தனையும் சேர்ந்து, 300 கிலோமீட்டர் உயரத்தில் வைத்த ஒரு கடுகின் அளவுக்குத்தான் அலையைத் திருப்பும். அந்தக் கடுகைப் பார்க்கத்தான் 305 மீட்டர் கிண்ணமும் 25 லட்சம் வாட் துடிப்பும். அயனிகளின் இழுப்பால் எதிரொலி எதிர்பார்த்ததைவிடக் குறுகிய அதிர்வெண் பட்டையில் வருவதால் சிறிய ஆன்டெனாவே போதும் என்பது பிறகு தெரியவந்தது. ஆனாலும் 1963இல் பெரியதாகவே கட்டி முடித்தார்கள். அந்த மிகுதியால்தான் புதனும் வெள்ளியும் நமக்குக் கிடைத்தன. 2020 டிசம்பர் 1 அன்று அதன் கருவி மேடை கிண்ணத்தின் மீது விழுந்து நொறுங்கியது. அந்தக் காட்சியை வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டியபோது என்னால் விளக்கிப் பேச முடியவில்லை.

நம் நாட்டின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் 64 ஆன்டெனாக்களும் கேட்கும் செவிகள் மட்டுமே. அவை எதையும் அனுப்புவதில்லை. அது இருக்கும் கார்னாவன் பகுதியில் ரேடியோ அமைதியைக் காக்க 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கேள்வியாளர் மீண்டும்

மக்காண்டா தங்கை சொன்ன கணக்கை நேற்றிரவு பழைய வேலைக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் போட்டேன். 2,411 நாள் என்று வந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். என் தங்கை மகன் எண்களைத் தானும் சரிபார்த்துவிட்டு, லக்சம்பர்க் விவரத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான். பீனிக்ஸ் தம்பி, உங்கள் தாத்தாவின் பெட்டி இன்னும் வேலை செய்தால் அவனை உங்களிடம் அழைத்துவரலாமா?

பீனிக்ஸ் சிற்றலை நேயர்

அவசியம் வாருங்கள் அண்ணா. பொழுது சாயும் முன்பே வந்துவிடுங்கள்; இரைச்சலிலிருந்து நிலையங்கள் ஒவ்வொன்றாக மேலெழுவதை அவன் முதலிலிருந்து கேட்க வேண்டும்.