பள்ளிக்கூட வாசலில் ஹாரன்: உங்களுக்கு நடந்தது என்ன?

மூணாம் வகுப்பு டீச்சர்:
பைபாஸ் ஓரத்துப் பள்ளி. ஏர் ஹாரன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் சொல்வதெழுதுதல். ஏழாவது சொல் 'பம்பரம்'. நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து ஒரு பஸ் அடித்துக்கொண்டே போனது. மறுபடி சொன்னேன், பின்னாலேயே லாரி. சரி என்று எட்டாவதுக்குப் போய்விட்டேன். நோட்டுத் திருத்தும்போது பார்த்தால் பாதிப் பேர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். ஜன்னலோரப் பெண் ஒருத்தி மட்டும் முத்து முத்தாக 'பாம் பாம்' என்று எழுதியிருக்கிறாள். காதில் விழுந்ததைத்தானே எழுதினாள்! நான் பழக்கதோஷத்தில் சிவப்பு மையில் சுழித்துவிட்டேன். அந்தச் சுழி இன்னும் உறுத்துகிறது.

வேன்காரன்:
பஸ்ஸை மட்டும் குறை சொல்லாதீங்க டீச்சர். பதினைந்து வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சாயந்திரம் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்பதெல்லாம் பெற்றோர் வண்டிதான். நேற்று ஒருத்தர், 'ஒலி எழுப்பாதீர்' போர்டுக்குக் கீழேயே நின்று விடாமல் அடிக்கிறார். அவர் பையன் என் வேன் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். அப்பா வண்டி என்று தெரியும், ஆனாலும் நகரவில்லை.

ரிட்டயர்டு தாத்தா:
பேத்தி பள்ளியிலும் இதே கதைதான், அதை விடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைப் படியுங்கள். பள்ளியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். உங்கள் பள்ளிக்கு அந்த அறிவிப்பு உண்டா என்று முதலில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக் கேளுங்கள். அப்புறம், நியூயார்க்கில் ரயில் பாலத்தை ஒட்டி ஒரு பள்ளி. பாலத்துப் பக்க வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்குவதை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975-இல் காட்டினார். தண்டவாளத்துக்கு ரப்பர், வகுப்புக் கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை போட்டார்கள். 1981-இல் பார்த்தால் இரண்டு பக்கமும் வாசிப்பு சமம். ஆகவே நீங்களும் ஜன்னலைச் சாத்துங்கள், கனமான திரை போடுங்கள்...

மூணாம் வகுப்பு டீச்சர்:
ஐயா, மனு கொடுக்கிறேன். ஆனால் ஜன்னலைச் சாத்தினால் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே நாற்பது பிள்ளைகளும் வெந்துவிடுவார்கள். வேன்காரரே, நீங்கள் சொன்னதும் சரிதான், என் வீட்டுக்காரரும் அப்படித்தான் அடிப்பார். நேற்று அந்தப் பெண்ணை உள்பக்க வரிசைக்கு மாற்றினேன். ஜன்னலோரத்தில் இப்போது வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.