பிளக் பாயின்ட் இல்லாத இருட்டுக் கட்டடத்தில் போர்ட்ரெய்ட்: பிளாஷா, எல்இடியா?

நிழல்வாசி:
பழைய கல் கட்டடத்துக்குள்ளே ஒரு ஷூட். தனி ஆள் போர்ட்ரெய்ட் கொஞ்சம், கடைசியில் எட்டுப் பேர் இரண்டு வரிசையாக ஒரு குரூப். மேலே நாலஞ்சு மஞ்சள் பல்பு மட்டும் எரியும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 3200 வைத்தால் மீட்டர் ஷட்டருக்கு 1/30 நொடி காட்டுது. சுவர் கருங்கல், கூரை ரொம்ப உயரம். எல்லாம் ஒரே தோள்பையில் அடங்கணும். 60 வாட் பேட்டரி எல்இடி வாங்கவா, கேமரா மேல் மாட்டும் சின்ன ஸ்பீட்லைட் பிளாஷா? வீடியோ கிடையாது.

பின்திரை:
வீடியோ இல்லைன்னா பிளாஷ்தான். கூரையில் அடிச்சு வெளிச்சத்தைத் திருப்பி பவுன்ஸ் பண்ணும் எண்ணத்தை விட்டுடுங்க; கருங்கல் பாதிக்கு மேல் தின்னுடும். கேமராவிலிருந்து கழற்றி, தூரத்திலிருந்தே பிளாஷை அடிக்கவைக்கும் ட்ரிக்கர் போட்டு, 1 மீட்டர் அகலமுள்ள வெள்ளைக் குடை வழியா விடுங்க.

பெட்டி மேலே கைடு நம்பர் 60ன்னு இருக்கும். ஐஎஸ்ஓ 100, முழு பவரில் எஃப் எண்ணையும் மீட்டர் தூரத்தையும் பெருக்கினா வரும் எண் அது; பெரும்பாலும் பிளாஷ் தலையை 200 மிமீ ஜூமில் வைத்து எடுத்த கணக்கு. 35 மிமீயில் ஏறக்குறைய 36தான். குடை சுமார் 2 ஸ்டாப் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி); 2 ஸ்டாப்புக்கு கைடு நம்பர் பாதியாகும், ஆக கையில் மிஞ்சுவது 18. ஆளிடமிருந்து 2 மீட்டரில் வைத்தால் ஐஎஸ்ஓ 100, முழு பவரில் எஃப் 9. நீங்க ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/30ல் எடுத்தா, பல்பு வெளிச்சம் உங்க மீட்டரைவிட 2 ஸ்டாப் கீழே நிற்கும், பின்னணி இருண்டாலும் செத்துப்போகாது. பிளாஷ் 1/64 பவரிலேயே போதும். அந்தப் பவரில் அடுத்த ஷாட்டுக்குக் காத்திருக்கவே வேண்டாம், சூடும் ஏறாது.

1/30ல் ஒரு சிக்கல் உண்டு. ஆள் அசைந்தா முகத்தைச் சுற்றி மங்கலா ஒரு நிழல்கோடு விழும். அசையுறவங்களுக்கு எஃப் 2.8, 1/60 வையுங்க. பின்னணி அதே அளவில் இருக்கும், பிளாஷை மட்டும் ஒரு ஸ்டாப் குறைச்சுக்கணும்.

லக்ஸ்மீட்டர்:
தனி ஆளுக்கு எல்இடியை இவ்வளவு சீக்கிரம் தள்ள மாட்டேன். மூக்கு நிழல் எங்கே விழுதுன்னு கண்ணாலேயே பார்க்கலாம், அந்த இருட்டில் ஃபோகஸும் பிடிக்கும். வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீங்க, ரிஃப்ளெக்டர் இல்லாமல் 1 மீட்டரில் விழும் வெளிச்சம் எத்தனை லக்ஸ்னு பாருங்க. 3000 லக்ஸ்னு வைத்துக்கிட்டா, 2 மீட்டரில் 750. வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸின் துணி தாண்டி ஏறக்குறைய 250. ஐஎஸ்ஓ 1600, எஃப் 4, 1/100க்கு அது சரியா இருக்கும்.

குரூப்தான் மாட்டிவிடும். லைட்டை 4 மீட்டருக்குத் தள்ளினா 60 லக்ஸ் சொச்சம்தான் மிஞ்சும். இரண்டு வரிசையும் ஷார்ப்பா வர எஃப் 5.6, 1/60 வைத்தால் 300 லக்ஸ் வேணும். ஐஎஸ்ஓவை இன்னும் 2 ஸ்டாப்புக்கு மேல் ஏற்றாமல் வழியில்லை. பேட்டரியும் கணக்குப் போடுங்க: 47 வாட்-ஹவர் பேட்டரி இரண்டு மாட்டினாலும் முழு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் தாண்டாது.

அதனால் பிளாஷ் வாங்குங்க, கூடவே உள்ளங்கை அளவு எல்இடி ஒன்று ஃபோகஸுக்கு மட்டும்.

நிழல்வாசி:
ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ பிளாஷ். முகம் நீலமாவும் பின்னாடி ஆரஞ்சாவும் வருமே, அதுக்கு? குரூப்புக்கு லைட்டை எவ்வளவு தள்ளணும்? ரெண்டு பேர் கண்ணாடி போட்டிருப்பாங்க.

கருப்புத்துணி:
பிளாஷ் தலையில் முழு சிடிஓ ஜெல் (பிளாஷை பல்பு நிறத்துக்கு மாற்றும் ஆரஞ்சுத் தாள்) ஒட்டி, கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் பூட்டுங்க. ஆட்டோவில் விட்டா ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும், எடிட்டிங்கில் அழணும். பின்னணி கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும்னா அரை சிடிஓ, 4000 கெல்வின். முழு ஜெல் 2/3 ஸ்டாப் தின்னும். அங்கே இருப்பது நிஜமாகவே இழை பல்பான்னு முதலில் பாருங்க. மலிவு எல்இடி பல்பா இருந்தா பச்சை கலந்திருக்கும், 1/100க்கு மேல் வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை விழவும் செய்யும்.

குரூப்புக்குக் கிட்டே வைக்கவே கூடாது. முன்வரிசை 1.5 மீட்டர், பின்வரிசை 2.5 மீட்டர்னா பின்னாடி நிற்பவங்க ஒன்றரை ஸ்டாப் இருட்டு. 3 மீட்டர், 4 மீட்டர்னு தள்ளினா வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குள்ளே அடங்கும். 4 மீட்டரில் குடையும் ஜெல்லும் சேர்ந்து, ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6க்கு 1/4 பவர் வைத்து ஆரம்பிச்சு குறைச்சுக்கலாம்.

கண்ணாடியில் குடை தெரிந்தா ஸ்டாண்டை உயர்த்துங்க, கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்த்துங்க; அவங்க தாடையை லேசா இறக்கச் சொல்லுங்க. 2.5 மீட்டராவது உயரும் ஸ்டாண்ட் வேணும். உயர்த்திய ஸ்டாண்ட் குடையோடு லேசான காற்றுக்கே சாயும். மணல்மூட்டை தூக்க முடியாதுன்னா நிறைந்த தண்ணீர் பாட்டில் ரெண்டைப் பையில் போட்டு, ஸ்டாண்டின் ஒரு காலைக் குடை இருக்கும் பக்கமாத் திருப்பி, அதன் மேலேயே தொங்கவிடுங்க. பை தரையில் உட்காராமல் அதன் எடை காலில் விழணும். ஆனா ஆடவும் கூடாது; ஆடினா அதுவே இழுத்துச் சாய்க்கும்.

ட்ரிக்கருக்கு ஒரு செட் புது பேட்டரி தனியா எடுத்துக்குங்க. திடீர்னு நாலு ஷாட்டுக்கு ஒன்று கறுப்பா வந்தா முதலில் பிளாஷைக் குடையாதீங்க, அந்த ட்ரிக்கர் பேட்டரியை மாற்றிப் பாருங்க.