ஐசியு டூட்டிக்குத் திரும்புறேன், பாப்பாவுக்கு ஆறு மாசம்: பால், நைட் டூட்டி, மேல்படிப்பு எப்படிச் சமாளிக்கிறது?

கேள்வி: கயல்_ஐசியு

பி.எஸ்சி நர்சிங் முடிச்சு தனியார் மருத்துவமனையில மெடிக்கல் ஐசியுவில இருக்கேன். அடுத்த மாசம் லீவ் முடியுது. காலை 7-2, மதியம் 2-8, நைட் 8-8. நான் இல்லாதப்போ அம்மா பாப்பாவைப் பாத்துக்குவாங்க. ஒரு வயசு வரைக்குமாவது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாதுன்னு இருக்கேன். ஓபிக்கு (வெளிநோயாளிப் பிரிவுக்கு) மாறிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மனசு வரலை. வெண்டிலேட்டர் ஸ்கிரீன்ல ஓடுற ஒவ்வொரு அலையும் ஏன் அப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும், கிரிட்டிக்கல் கேர்ல மேல படிக்கணும். நைட்ல பாலை எப்போ எடுக்கிறது, எங்க வைக்கிறது? இப்பவே கோர்ஸ்ல சேரலாமா?

பதில்: பேறுகால_வார்டு

முதல்ல அளவைப் பார்ப்போம். நீங்க பிரிஞ்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி தேவைப்படும். நைட் டூட்டிக்குப் போய்வர நேரமும் சேர்த்து 13 மணி நேரம்னா 400 முதல் 600 மில்லி. ஆறு மாசம் முடிஞ்சு திட உணவு தொடங்கியிருப்பீங்க, பாப்பா ராத்திரி தூங்கவும் செய்வா, அதனால குறைவாத்தான் செலவாகும். ஆனா கையிருப்பு அந்தக் கணக்குல இருக்கட்டும்.

டூட்டிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. காலையில முதல் தடவை பால் கொடுத்த பிறகு 15 நிமிஷம் பம்ப் பண்ணுங்க. முதல் நாள்கள்ல 20, 30 மில்லிதான் வரும், பால் குறைஞ்சிடுச்சுன்னு பயப்படாதீங்க. பம்போட புனல் அளவு சரியா இருக்கணும். சின்னதா இருந்தா காம்பு உரசிப் புண்ணாகும், பாலும் வராது. உறைய வைக்கும்போது ஒரு பையில 60 மில்லிக்கு மேல வேண்டாம், முழுசா உருகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

வெளியில 25 டிகிரி வரைக்கும் 4 மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கை நம்பாதீங்க, எடுத்த உடனே குளிர்ல வைங்க. ஃப்ரிட்ஜுக்குள்ள 4 நாள் (கதவுத் தட்டுல வைக்காதீங்க), ஃப்ரீசர்ல 6 மாசம். நல்லா உறைஞ்ச ஜெல் பேக் வெச்ச ஐஸ் பெட்டியில 24 மணி நேரம் இருக்கும், அதனால டூட்டிக்கு அந்தப் பெட்டியே போதும். வார்டு மருந்து ஃப்ரிட்ஜ்ல வைக்கவே கூடாது.

நைட்ல 11, 2.30, 6 மணின்னு மூணு தடவை எடுங்க. நோயாளியைப் புரட்டி பொசிஷன் மாத்துற நேரம், காலை ரத்த சாம்பிள் எடுக்கிற நேரத்தோட மோதாம உங்க யூனிட்டுக்கு ஏத்த மாதிரி நகர்த்திக்கோங்க. பம்ப் பாகங்கள் மூணு செட் இருந்தா நடுராத்திரியில கழுவிட்டு நிக்க வேண்டாம். கோட் ப்ளூ (நோயாளிக்கு இதயம் நின்னா வர்ற அவசர அழைப்பு) வந்து ஒரு தடவை தவறிப்போனா, ஓய்வு கிடைச்ச உடனே அஞ்சு நிமிஷம் கையாலயாவது எடுத்துடுங்க. தேங்கினா பால் கட்டிக்கும். சிவந்து வலிச்சா அழுத்தித் தேய்க்காதீங்க, அது வீக்கத்தைக் கூட்டும். குளிர் ஒத்தடம் கொடுத்து வழக்கம்போல பால் கொடுங்க. காய்ச்சலோட 24 மணி நேரத்துல குறையலைன்னா டாக்டரைப் பாருங்க.

அம்மாகிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. பாலை அடுப்புல காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துல வெச்சு வெதுவெதுப்பாக்கினா போதும். பாப்பா வாய் வெச்ச மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள்ள கொடுக்கலைன்னா கொட்டிடணும். பாட்டில் பழக்க வேண்டாம்னா பாலாடையிலயோ சின்னக் கிண்ணத்துலயோ கொடுக்கலாம்.

கயல்_ஐசியு

ரொம்ப நன்றி சிஸ்டர். எங்க ஏரியாவில மணிக்கணக்கா கரண்ட் போகும். ஃப்ரீசர்ல இருக்கிற பால் என்ன ஆகும்?

பேறுகால_வார்டு

ஃப்ரீசரைத் திறக்காம விடுங்க. கரண்ட் வந்த பிறகு பாக்கும்போது உள்ள ஐஸ் துகள் இருந்தா அப்படியே உறையட்டும். முழுசா உருகி ஆனா ஜில்லுன்னு இருந்தா ஃப்ரிட்ஜுக்கு மாத்தி ஒரு நாளுக்குள்ள கொடுத்துடுங்க. இன்னொண்ணு: சிலரோட பால் உறைய வெச்சா சோப்பு வாடை அடிக்கும். பாலில இருக்கிற லைபேஸ் என்சைம்தான் காரணம், கெட்டுப்போகலை, ஆனா குழந்தை குடிக்க மறுக்கலாம். நிறைய சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பையை ஒரு வாரம் உறைய வெச்சு எடுத்துக் கொடுத்துப் பாருங்க.

பதில்: மூத்த_சிஸ்டர்

தங்கச்சி, ரோஸ்டர் போடுறதுக்கு முன்னாடியே இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட எழுத்துல கொடுங்க. குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக தினம் ரெண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடத்துல குழந்தைக் காப்பகமும் இருக்கணும், நாளைக்கு நாலு தடவை போய்வரலாம். 1961 மகப்பேறு சட்டத்துல இருந்த இடைவேளையும் 2017 திருத்தத்துல வந்த காப்பகமும் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலயும் இருக்கு. சலுகையா கேக்காதீங்க, நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்க. "11 மணிக்கு 20 நிமிஷம், பக்கத்து பெட் சிஸ்டர் பாத்துக்குவாங்க"ன்னு சொன்னா மறுக்கிறது கஷ்டம்.

கீமோ (புற்றுநோய்) மருந்து கலக்கிறது, அந்த நோயாளியோட கழிவைக் கையாள்றது ரெண்டும் பாலூட்டுற காலத்துல வேண்டாம். போர்ட்டபிள் எக்ஸ்ரேவால தாய்ப்பாலுக்கு ஒண்ணும் ஆகாது, வழக்கம்போல ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா போதும். ஊசி குத்திடுச்சுன்னா உடனே ரிப்போர்ட் பண்ணுங்க. எச்ஐவி சந்தேகம் இருந்தா தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. பால் கொடுக்கிறதையும் அப்பவே மருந்து எழுதுற டாக்டர்கிட்ட சொல்லணும்.

நைட் முடிச்சு கண்ணைச் சொக்கும்போது ஸ்கூட்டி எடுக்காதீங்க. 20 நிமிஷம் படுத்துட்டுக் கிளம்புங்க, இல்ல பஸ்ல போங்க. வீட்டுக்குப் போனதும் சோஃபாவில சாஞ்சுக்கிட்டு பால் கொடுக்கிறது ஆபத்து, தூங்கிட்டா குழந்தை இடுக்குல மாட்டிக்கும். அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது கொடுத்துட்டு, குழந்தையை அவங்ககிட்ட விட்டுட்டுத் தூங்குங்க.

பதில்: வெண்டிலேட்டர்_பக்கம்

ஓபிக்குப் போக வேண்டாம். இந்த ஆர்வம் ஐசியுவில இருந்தாதான் வளரும். ஒரு டூட்டிக்கு ஒரு கேள்வி போதும், புத்தகம் அப்புறம்.

பீக் பிரஷர் (காத்து உள்ள போறப்போ வர்ற உச்ச அழுத்தம்) அலாரம் அடிக்குதுன்னு வெச்சுக்கோங்க. சக்ஷன் போட்டு சளியை உறிஞ்சினதோட விடாம, டாக்டர்கிட்ட சொல்லி இன்ஸ்பிரேட்டரி ஹோல்ட் போட்டு (மூச்சு உள்ள போனதும் ஒரு கணம் நிறுத்தி) பிளாட்டோவை, அதாவது காத்து ஓடாதப்போ இருக்கிற அழுத்தத்தைப் பாருங்க. பீக் 40, பிளாட்டோ 20னா காத்து போற வழியில தடை: சளி, டியூப் மடங்கினது, நோயாளி டியூபைக் கடிக்கிறது, வீசிங் (மூச்சுக்குழாய் சுருங்கினது). பீக் 40, பிளாட்டோ 35னா நுரையீரலே விரிய மாட்டேங்குது: நீர் கோத்திருக்கலாம், நியூமோதொராக்ஸா (நுரையீரலைச் சுத்திக் காத்து சேர்ந்ததா) இருக்கலாம், டியூப் வலது நுரையீரல் பக்கம் இறங்கியிருக்கலாம். நோயாளி இருமினாலோ தானா மூச்சு இழுத்தாலோ அந்த பிளாட்டோ கணக்கு தப்பு, அதை நம்பக் கூடாது.

இன்னொரு டூட்டியில டைடல் வால்யூமை (ஒரு மூச்சுக்கு உள்ள போற காத்தின் அளவை) சரிபாருங்க. அது உடல் எடைக்கு இல்ல, உயரத்துக்கு. 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு, உயரத்தை வெச்சுப் போடுற கணக்குப்படி எடை ஏறக்குறைய 43 கிலோ, கிலோவுக்கு 6 மில்லின்னா 260. அவங்க 70 கிலோ இருக்காங்கன்னு 420 வெச்சா நுரையீரல் காயப்படும். டேப் வெச்சு உயரத்தை அளந்து சார்ட்ல எழுதுற நர்ஸ்தான் இதைக் கண்டுபிடிப்பாங்க.

கோர்ஸைப் பொறுத்தவரை, கிரிட்டிக்கல் கேர் போஸ்ட் பேசிக் டிப்ளமோ ஒரு வருஷம். நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலை ரெண்டு வருஷம், அதுக்கு பி.எஸ்சிக்கு மேல ஒரு வருஷ அனுபவம் வேணும். ரெண்டுமே வார்டுல நின்னு படிக்கிற படிப்பு, நைட்டும் வரும். பாப்பாவுக்கு ஒரு வயசான பிறகு சேர்றதுதான் சரின்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி ஏசிஎல்எஸ் (இதயம் நின்னா செய்ய வேண்டிய மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி) முடிச்சுடுங்க, ரெண்டு நாள் வேலை, சான்றிதழ் ரெண்டு வருஷம் செல்லும். கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் வாங்கியிருக்கான்னு பாருங்க. குழந்தைக்கு உடம்பு சரியில்லாம லீவ் போட்டா கிளினிக்கல் மணி நேரத்தை எப்படி ஈடுகட்ட விடுவாங்கன்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.