மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு ஏற்காட்டுல எங்க நிக்கணும்?

வாழப்பாடி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஏரிக்கரையைச் சுத்தி வர்றேன். இந்த வருஷம் 23 வகை எண்ணினோம். முடிச்சுட்டு மரத்தடியில உக்காந்து படப் புத்தகத்தைப் புரட்டினப்போ ஒரு பொண்ணு மஞ்சள்தொண்டைச் சின்னான் மேல விரலை வெச்சா. "டீச்சர், இது தென்னிந்தியாவுல மட்டும்தான் இருக்குன்னு போட்டிருக்கு. நம்ம மலையில இருக்கா?" வாழப்பாடியில மொட்டை மாடி ஏறினா தெரியுற மலை. இருக்குன்னு சொல்லிட்டேன். ஆனா நானே பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகிட்ட கேள்விப்பட்டதைச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு, அது மனசை உறுத்துது.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை ஏற்காடு போயிட்டு வந்தேன். ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், ஆர்க்கிட் தோட்டம் எல்லாம் சுத்தினேன். செம்மீசைச் சின்னான் கூட்டம் கூட்டமா இருந்துச்சு, இது மட்டும் இல்லை. ரெண்டாவது தடவை தங்கின இடத்துல ஒருத்தர் பறவை காட்டுறேன்னு 800 ரூபாய் வாங்கிட்டு, ரோட்டோரமா நின்னு போன்ல அந்தப் பறவையோட கத்தலைப் போட்டுக்கிட்டே இருந்தார். புதர்ல இருந்து ஒண்ணு வெளிய வந்துச்சு. "இதான் மேடம்"னார். சந்தோஷமா படம் எடுத்துட்டு வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பார்த்தா கண்ணுக்கு மேல வெள்ளைப் பட்டை. படத்தை இணைச்சிருக்கேன். இது அது இல்லைதானே?

எந்த இடத்துல, எந்த நேரத்துல நிக்கணும்? சேலம் வழியா வர்றதா, குப்பனூர் வழியா வர்றதா? நான் மூக்குக் கண்ணாடி போடுறவ. கடன் வாங்கின 10×50 பைனாகுலர்தான் இருக்கு, அதுல பாதி வட்டம் கறுப்பாத்தான் தெரியுது. என் பத்து வயசுப் பொண்ணும் கூட வருவா. பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமைதான் எனக்குக் கிடைக்கும்.

அஸ்தம்பட்டி:

இல்லைங்க டீச்சர், படத்துல இருக்குறது வெண்புருவச் சின்னான். அடிவாரத்து முள்ளுக்காடு பூரா அதுதான். அதுக்கும் வாலடியில மஞ்சள் இருக்கும், குரலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால நிறையப் பேர் ஏமாறுவாங்க. உங்க பறவைக்குப் புருவமும் கிடையாது, மீசையும் கிடையாது, கொண்டையும் கிடையாது. தலையும் தொண்டையும் சேர்ந்து ஒரே மஞ்சள், உடம்பு சாம்பல்.

1845-ல ஜெர்டன்ங்கிற ஆங்கிலேயப் பறவை ஆய்வாளர் அறிவியல் பேர் வெச்ச பறவை இது. பெங்களூர்க்காரங்க நந்தி மலைக்குப் போய்ப் பார்க்குறதும் இதேதான். தென்னிந்தியாவுல இருக்குற பாறை மலைகளை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லை. அழியும் ஆபத்துல இருக்குற இனமா ஐ.யூ.சி.என்.ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல இருக்கு. கிரானைட்டுக்காகக் குன்றை உடைக்கிறதும் காட்டுத் தீயும்தான் பெரிய காரணம்.

எந்த இடம்னு 'பால்வண்டி' அண்ணன் வந்து சொன்னா நல்லா இருக்கும். அவர் தினமும் மலை ஏறுறவர்.

பால்வண்டி:

டீச்சருக்கு வணக்கம்ங்க. 11 வருஷமா சேலத்துல இருந்து ஏற்காட்டுக்குப் பால் பாக்கெட் ஏத்திட்டுப் போறேன். நாலரைக்கு மலை ஏறுவேன், ஆறு ஆறரைக்குள்ள கடைங்களுக்குப் போட்டுட்டு, காலி டிரேயோட ஏழு மணி வாக்குல இறங்குவேன். நான் பார்த்த பறவையெல்லாம் இறங்குறப்போ பார்த்ததுதான்.

நீங்க ரெண்டு தடவையும் அந்தப் பறவையைத் தாண்டித்தான் மேல போயிருக்கீங்க. ஏற்காடுன்னா எல்லாருக்கும் ஏரிதான் ஞாபகம் வருது, வண்டியை நேரா அங்க கொண்டுபோய் நிறுத்துறாங்க. இந்தப் பறவைக்கு ஏரியோட என்ன சம்பந்தம்? மலையைக் கீழ இருந்து பாருங்க. அடிவாரத்துல முள்ளுக்காடு, அங்க வெண்புருவம். உச்சியில 1,500 மீட்டர் வாக்குல காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும், அங்க செம்மீசை. ரெண்டுக்கும் நடுவுல, ரோடு வளைஞ்சு வளைஞ்சு ஏறுற சரிவுல பெரிய பெரிய பாறையா கிடக்கும். பாறை இடுக்குல புதர் அடைச்சிருக்கும். அதுதான் இவன் வீடு.

நான் முதமுதலா பார்த்தது வண்டி பஞ்சரான அன்னிக்குத்தான். ஸ்டெப்னி மாத்திட்டு, கை கழுவத் தண்ணி ஊத்திக்கிட்டே நிமிர்ந்தேன். எதிர்ல பாறையைப் பொளந்துக்கிட்டு ஒரு கல்லிச்சி மரம், அத்தி வகைதான், வேரெல்லாம் பாறை மேல மெழுகு வடிஞ்ச மாதிரி இறங்கியிருக்கும். அதுல பழம் பழுத்துக் கிடந்துச்சு. மரத்துக்குள்ள இலை மட்டும் ஆடுது, காத்து இல்லை. ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு மஞ்சள் தலை வெளிய வந்து பழத்தைக் கொத்திட்டு உள்ள போயிருச்சு. அப்புறம் பக்கத்துக் கிளையில முழுசா வந்து உக்காந்துச்சு. வாலோட நுனியில கூட மஞ்சளைத் தொட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணை எடுக்க முடியலைங்க. அன்னிக்குத்தான் பறவைப் புத்தகம் வாங்கினேன்.

இது வெக்கப்படுற பறவை. நம்ம கொண்டைக்குருவி மாதிரி கம்பியில உக்காந்து ஊரைக் கூப்பிடாது. அதனால நடந்து தேடாதீங்க. பழுத்த மரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சு, எதிர்ல அகலமா இடம் இருக்குற வளைவுல உக்காருங்க. கல்லிச்சி பழுக்கலைன்னா உண்ணிப்பழம் கறுத்து நிக்கிற புதரைப் பாருங்க. வெயில் பாறை மேல விழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் நேரம். பிப்ரவரியில மரமெல்லாம் இலை கொட்டியிருக்கும், அது உங்களுக்குச் சாதகம்.

வழி கேட்டீங்க. வாழப்பாடியில இருந்து வர்றவங்க அயோத்தியாப்பட்டணம் வந்து குப்பனூர் வழியா ஏறுங்க. அந்த ரோட்டுல வண்டி கம்மி. சேலம் ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு மேல ஹாரன் சத்தத்துல உங்க குரலே உங்களுக்குக் கேக்காது. வளைவு முனையில வண்டியை நிறுத்தவே கூடாது. ஏறி வர்ற வண்டிக்கு நீங்க கடைசி நிமிஷத்துலதான் தெரிவீங்க. தடுப்புச் சுவரைத் தாண்டிக் காட்டுக்குள்ளயும் இறங்காதீங்க. அது காப்புக்காடு, காட்டெருமையும் இருக்கு.

எந்த வளைவுன்னு இங்க எழுத மாட்டேன், மன்னிக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி இருக்கு. போன வருஷம் ஒருத்தர்கிட்ட இடத்தைச் சொன்னேன். அடுத்த வாரம் மூணு கார் நின்னுச்சு, கையில ஸ்பீக்கர், அதுல அதோட குரலையே திரும்பத் திரும்பப் போட்டாங்க. தன் எல்லைக்குள்ள இன்னொருத்தன் வந்துட்டான்னு அந்த ஆண் பறவை வெளிய வந்து வந்து பார்த்துச்சு, பழம் தின்னவே இல்லை. ஒரு மணி நேரம் அப்படி நடந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

இன்னொண்ணு. குரங்குக்குச் சிப்ஸ் போடாதீங்க, பிள்ளைங்களையும் போட விடாதீங்க. அது பாவம்னு நினைச்சுப் போடுறாங்க, தப்பா நினைக்கலை. ஆனா தீனி கிடைக்கிற வளைவுலயே குரங்கு கூட்டமா தங்கிருது. அந்த வளைவுக்கு மேலதான் சின்னான் கூடு கட்டுற புதரும் இருக்கு. குரங்கு முட்டையை விட்டு வெக்காது.

அஸ்தம்பட்டி:

பைனாகுலர் பத்தி யாரும் சொல்லலையே. கண்ணாடி போட்டிருந்தா கண்ணு வெக்கிற ரப்பர் கப்பை உள்பக்கமா திருகிருங்க, இல்லைன்னா மடிச்சு விடுங்க. பாதி வட்டம் கறுப்பா தெரியறதுக்கு அதுதான் காரணம். 10×50-ன்னா பத்து மடங்கு பெருசாக் காட்டும், முன்னாடி லென்ஸ் 50 மி.மீ. அகலம்; கனம் அதிகம், கை ஆடும், தடுப்புச் சுவர் மேல முழங்கையை ஊனிக்கோங்க. புதுசா வாங்குறதா இருந்தா 8×42 பாருங்க. குட்டிப் பொண்ணுக்கு 8×32 போதும், ரெண்டு குழலையும் அவ கண்ணு அளவுக்கு நெருக்கி வெச்சுக் கொடுங்க.

இன்னொண்ணு, பறவை வர்றதுக்கு முன்னாடியே அந்த மரத்துக்குக் குவியத்தைச் சரி பண்ணி வெச்சுக்கோங்க. வந்த பிறகு சக்கரத்தை உருட்டினா அது போயிரும்.

நாகலூர் ரைட்டர்:

பால்வண்டி அண்ணா, எல்லாம் சரிங்க, ஆனா மேல ஒண்ணுமே இல்லாத மாதிரி எழுதிட்டீங்க. நான் காப்பி எஸ்டேட்ல கணக்கு எழுதுறவ. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல வந்த காப்பி, அதை நம்பி இங்க எத்தனை உசுரு இருக்குன்னு நாங்கதான் பார்க்குறோம்.

டீச்சர், சின்னானைப் பார்த்துட்டு ஒன்பது மணிக்கு மேல ஏறி வாங்க. காப்பிச் செடிக்கு அடியில சருகு மேல ஒரு வாலாட்டி நடக்கும். மத்த வாலாட்டியெல்லாம் வாலை மேலயும் கீழயும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டுல இடுப்போட சேர்த்து ஆட்டும். கொடிக்கால் வாலாட்டின்னு பேரு. குளிருக்கு வர்ற பறவை. உங்க பொண்ணு அதைப் பார்த்தா வீடு போற வரைக்கும் அதே மாதிரி நடந்து காட்டுவா.

ஆறுமணிக் குருவியும் இங்க இருக்கு. காலையில ஆறு மணி வாக்குல ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒரு தடவை ரெண்டு சீட்டி அடிக்கும். பகல்ல சருகைப் புரட்டிப் புழு தேடும், அசையாம நின்னா பத்தடியில கூட வரும். பச்சை முதுகு, வயித்துக்கு அடியில செவப்பு, இறக்கையில நீலம். பறிக்கிற அக்காங்களுக்கு அது எந்தப் பாத்தியில நிக்கும்னு அத்துப்படி.

ஒரே வித்தியாசம் சொல்றேன். பழைய மரத்தை, அத்தியையும் பலாவையும் நிழலுக்கு விட்டு வெச்ச பாத்தியிலதான் இதெல்லாம் கிடைக்கும். வெறும் சில்வர் ஓக் மட்டும் நட்டு மிளகுக் கொடி ஏத்தின பாத்தியில காலையில போனா அமைதியா இருக்கும். எங்க எஸ்டேட்லயே ரெண்டும் இருக்கு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. தோட்டத்துக்குள்ள வர்றதுக்கு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க, எந்த எஸ்டேட்டா இருந்தாலும். பறிப்பு நடக்குற நேரத்துல வேலையாட்களுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது.

வாழப்பாடி டீச்சர்:

இவ்வளவு பொறுமையா எழுதின எல்லாருக்கும் நன்றி. அண்ணா, வளைவு எண் சொல்லாததுக்கு ஏன் மன்னிப்பு? படிச்சப்போ எனக்குத்தான் கூசிப் போச்சு. 800 ரூபாய் கொடுத்து நானும் அதையேதான் செய்ய வெச்சிருக்கேன். வெளிய வந்தது வெண்புருவமா இருந்தாலும் அதுவும் பறவைதானே.

வாழப்பாடி டீச்சர்:

நேத்து போயிட்டு வந்தோம்.

குப்பனூர் தாண்டி ஏறினதும் வேகத்தைக் குறைச்சு பாறையையே பார்த்துக்கிட்டு வந்தோம். முதல்ல நின்ன இடத்துல மரம் இருந்துச்சு, பழம் இல்லை. அடுத்ததுல உண்ணிப் புதர் சுவர் மாதிரி அடர்ந்து, நடுவுல யானை படுத்த மாதிரி ஒரு பாறை. ரோடு அகலமா இருந்துச்சு. ஏழு மணிக்குச் சுவரோரமா உக்காந்தோம். ரப்பர் கப்பை உள்ள திருகினதும் முழு வட்டம் தெரிஞ்சுது, இத்தனை நாள் இது தெரியாம இருந்திருக்கேன்.

முதல் அரை மணி நேரம் வெண்புருவம் மட்டும்தான். பொண்ணு நோட்டுல அதை வரைஞ்சு, புருவத்தை மட்டும் அழுத்தமா தீட்டினா. ஏழே முக்காலுக்கு வெயில் பாறையில இறங்குச்சு. புதர் மேல்பக்கமா அசைஞ்சுது. நான் பைனாகுலர்ல தேடிக்கிட்டே இருந்தேன், அவ வெறும் கண்ணுல பார்த்துட்டா. என் முழங்கையைப் பிடிச்சு அழுத்தினா, பேசலை. பாறை விளிம்புல, எங்களுக்கு நேரா, முழு மஞ்சள் தலை. வாயில ஒரு கறுப்புப் பழம். அண்ணாந்து அதை முழுங்குறப்போ தொண்டை ஏறி இறங்கினது கூடத் தெரிஞ்சுது. பத்து எண்ணுறதுக்குள்ள உள்ள போயிருச்சு. எட்டே காலுக்கு ரெண்டா வந்துச்சு, அப்போ நானும் நல்லா பார்த்தேன், வால் நுனி மஞ்சள் வரைக்கும். படம் எடுக்கலை.

பொண்ணு வரைஞ்ச ரெண்டாவது படத்துல தலை முழுக்க மஞ்சள் கிரையான், புருவம் இல்லை. அதை எடுத்துட்டுப் போய் இன்னிக்கு வகுப்புல காட்டினேன். கேட்ட பிள்ளை அதை வாங்கி ரொம்ப நேரம் வெச்சிருந்தா. அப்புறம் "நான் எப்போ டீச்சர்?"னா.

அதனால ரைட்டர் அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆறுமணிக் குருவி ஏப்ரல்ல வடக்கே கிளம்பிரும்னு படிச்சேன். மார்ச் ரெண்டாவது சனிக்கிழமை ஆறு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா உங்க ஆபீஸ்ல அனுமதி வாங்கித் தர முடியுமா? சத்தம் போட மாட்டாங்க, நான் பொறுப்பு. சாப்பாடு நாங்களே கொண்டு வந்துருவோம்.

நாகலூர் ரைட்டர்:

கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. அஞ்சரைக்கே எஸ்டேட் கேட்டுக்கு வந்துருங்க. பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் இருக்கட்டும், மார்ச்சுலயும் விடியக்காலையில குளிரும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.