ஹார்லன், ஹசார்டு பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு: அந்த ஆஸ்பத்திரிகளின் கதை

அன்புள்ள சங்கத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஜே-1 விசா விலக்குக்காக (பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு) கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கம் வேலை ஒப்புக்கொண்ட நம் டாக்டர் பிள்ளைகளின் வீட்டில், "ஏ.ஆர்.எச். அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியாரா?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். ஏ.ஆர்.எச். என்பது அப்பலாச்சியன் ரீஜனல் ஹெல்த்கேர்; அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளை நடத்தும், லாப நோக்கமில்லாத தனி அமைப்பு அது. ஆனால் அதன் முதல் பத்து ஆஸ்பத்திரிகளைக் கட்டியது நிலக்கரித் தொழிலாளர் சங்கத்தின் நலநிதி. அந்த வரலாறு தெரிந்தால், அங்கே வரும் நோயாளி ஏன் சங்கம் கொடுத்த மருத்துவக் கார்டைப் பற்றியும் சுரங்கத்தைப் பற்றியும் பேசுகிறார் என்பது புரியும்.

1946க்கு முன் அங்கே இருந்தது கம்பெனி டாக்டர் முறை. மாதாமாதம் கூலியில் பிடித்தம் செய்வார்கள். டாக்டரை நியமிப்பது கம்பெனி. பணம் தொழிலாளியுடையது, அதிகாரம் முதலாளியுடையது. 1946இல் வேலைநிறுத்தம் முற்றி அரசாங்கம் சுரங்கங்களைத் தன் கைக்கு எடுத்தபோது, உள்துறைச் செயலர் க்ரூகும் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 5 சென்ட் நலநிதிக்கு. கடற்படை மருத்துவர் அட்மிரல் பூன் தலைமையில் ஓர் ஆய்வும் நடந்தது. 1947இல் வந்த அந்த அறிக்கை, சுரங்க ஊர்களின் மருத்துவ வசதி பல இடங்களில் எவ்வளவு மோசம் என்பதை அரசாங்க ஆவணமாகவே பதிவு செய்தது.

நலநிதி முதலில் கட்டடத்தில் கை வைக்கவில்லை, அதுதான் புத்திசாலித்தனம். சுரங்கக் கூரை இடிந்து முதுகெலும்பு முறிந்து, வருடக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்து, ரயிலில் ஏற்றி, கலிஃபோர்னியா, நியூயார்க் மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பினார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரிகள். ஹார்லன், ஹசார்டு, மெக்டவல், மிடில்ஸ்பரோ, பைக்வில், வைட்ஸ்பர்க், வில்லியம்சன், பெக்லி, மேன், வைஸ் எனக் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மூன்று மாநிலங்களிலும் பத்து. 1956 ஜூனில் திறப்பு விழா. ஹார்லன், பெக்லி, வில்லியம்சன் மூன்றும் பெரியவை. சிறிய ஆஸ்பத்திரிகளில் முடியாத கேஸ்கள் அங்கே போகும். டாக்டர்களுக்கு மாதச் சம்பளம், நோயாளி தலைக்கு இவ்வளவு என்று கிடையாது. உள்ளூர் மருத்துவச் சங்கங்களுக்கு இது பிடிக்கவேயில்லை.

ஏழே வருடத்தில் ஆட்டம் கண்டது. காரணம், வருமானத்துக்கு இருந்தது ஒரே குழாய். டன்னுக்கு 5 சென்ட் படிப்படியாக ஏறி 1952இல் 40 சென்ட் ஆனது. அதோடு அப்படியே நின்றுவிட்டது. ரயில்கள் டீசலுக்கு மாறின, வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின, நிலக்கரி விற்பனை படுத்தது. கிழக்குக் கென்டக்கியின் சின்னச் சுரங்கக்காரர்கள் பலர் ராயல்டியை, அதாவது இந்த டன் கணக்குப் பணத்தை, கட்டவே இல்லை. செலவு மட்டும் ஏறியது. 1960இல், ஒரு வருடத்துக்கு மேல் வேலை இல்லாதவர்களின் மருத்துவக் கார்டைப் பறித்தார்கள். வேலை போனவனுக்குத்தான் கார்டு அதிகம் தேவை என்பதைச் சொல்ல வேண்டுமா? 1962 இறுதியில், சில ஆஸ்பத்திரிகளை அடுத்த வருடமே மூடுவதாக அறிவிப்பு வந்தது.

காப்பாற்றியது பிரஸ்பிட்டேரியன் சர்ச்சும் மத்திய அரசின் பணமும். 1963இல் தனி அமைப்பு உருவாகி, 1964க்குள் பத்தும் கை மாறின. அதுதான் இன்றைய ஏ.ஆர்.எச். 1965இல் முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்ட் வந்த பிறகுதான் நிஜமாகவே மூச்சு வந்தது என்பது என் கருத்து. கென்டக்கியின் ஹைடன் ஊர் ஆஸ்பத்திரியின் வம்சம் வேறு: 1925 முதல் குதிரையேறிப் போய்ப் பிரசவம் பார்த்த மேரி பிரெக்கின்ரிட்ஜின் நர்ஸ் அமைப்பு அதைக் கட்டியது, 2011இல்தான் ஏ.ஆர்.எச். வாங்கியது.

இனி வேலைக்குப் போகும் டாக்டர்களுக்கு. விலக்குக்கு ஈடாக மூன்று வருடம், வாரம் 40 மணி நேரம், குறித்த இடத்திலேயே வேலை பார்க்க வேண்டும். சுரங்கத் தூசியால் வரும் கருநுரையீரல் நோய் ஒழிந்துவிட்டது என்று நினைத்துப் போகாதீர்கள். தென்மேற்கு வர்ஜீனியாவின் மூன்று கிளினிக்குகளில் மட்டும் 2013 முதல் 2017 வரை முற்றிய நிலையில் 416 பேர் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. நிலக்கரிப் படுகை மெலிந்துவிட்டதால் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் இறங்குகிறது. அதனால் "மைனர்" (சுரங்கத் தொழிலாளி) என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். கூரைக்கு போல்ட் அடித்தவரா, வெட்டும் இயந்திரம் ஓட்டியவரா, நிலத்தடியில் எத்தனை வருடம் என்று கேட்டு எழுதுங்கள். நிலத்தடியில் 15 வருடம் வேலை செய்து, மூச்சுக் கோளாறால் முழுதாக முடங்கியவருக்கு, அது சுரங்கத்தால் வந்தது என்றே மத்திய சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. ஷீட்டில் வருடக்கணக்கு இல்லையென்றால் அந்தச் சலுகையைக் கேட்பதற்கே அவர் படாதபாடு படுவார்.